மென்பொருள் வேலையில் இருந்துகொண்டு சொந்த வாழ்க்கைக்கும் நேரம் ஒதுக்க முடியுமா?

முடியும். ஆனால் பலரும் அதை வேலைக்கு வெளியே தேடுகிறார்கள். தியானம், உடற்பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்து வைப்பது எல்லாம் நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தவரை ஒரு டெவலப்பரின் சாயங்காலம் எப்படிப் போகும் என்பது அவர் எஸ்டிமேட் கொடுக்கிற அன்றைக்கே பாதி முடிவாகிவிடுகிறது.

"இது எத்தனை நாளில் முடியும்?" என்று மீட்டிங்கில் கேட்பார்கள். கோட் எழுதும் நேரத்தை மட்டும் மனதில் வைத்து "மூணு நாள்" என்று சொல்லிவிடுவோம். டெஸ்டிங், ரிவ்யூவில் வரும் திருத்தங்கள், இன்னொரு டீம் தரவேண்டிய ஏபிஐ (அவர்கள் மென்பொருளோடு நம்முடையதை இணைக்கும் வழி), நடுவில் வந்து விழும் ப்ரொடக்‌ஷன் பக் (பயன்பாட்டில் இருக்கும் மென்பொருளில் வரும் பிழை) எதுவும் அந்தக் கணக்கில் இருக்காது. அதற்கெல்லாம் நேரம் ராத்திரியிலிருந்துதான் வரும். அதனால் நான் ஒற்றை எண்ணாகச் சொல்வதை விட்டுவிட்டேன். "எல்லாம் சரியாக நடந்தால் மூன்று நாள், அந்த ஏபிஐ தள்ளிப்போனால் ஒரு வாரம்" என்று சொல்லி, வேலையைப் பதிவுசெய்யும் டிக்கெட்டிலும் எழுதிவைக்கிறேன். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். தாமதம் ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஸ்கோப்பை, அதாவது செய்யவேண்டிய வேலையின் அளவை, குறைக்க வழி இருக்கும். கடைசி நேரத்தில் சொன்னால், கூட இரண்டு பேரைச் சேர்க்கலாமே என்பார்கள். தாமதமான ப்ராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள் பொறியாளர் ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஏற்கெனவே திணறிக்கொண்டிருப்பவர் தலையில்தானே விழும்!

அடுத்தது ஆன்-கால், அதாவது சிஸ்டத்தில் கோளாறு வந்தால் எந்நேரமும் எழுந்து சரிசெய்யத் தயாராக இருக்கும் முறை வேலை. இதில் தனிமனித ஒழுக்கம் எதுவும் உதவாது, டீமாகத்தான் சரிசெய்ய வேண்டும். 12 மணி நேர ஷிஃப்டுக்கு இரண்டு சம்பவங்களுக்கு மேல் வரக்கூடாது என்று கூகுளில் சிஸ்டங்கள் நிற்காமல் ஓடுவதைக் கவனிக்கும் எஸ்ஆர்இ டீம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு சம்பவத்தின் காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து, அறிக்கை எழுதி முடிக்கச் சராசரியாக 6 மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. பல டீம்களில் அலர்ட் (கோளாறு என்ற தானியங்கி எச்சரிக்கை) வரும், யாராவது எழுந்து சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் படுப்பார்கள், அடுத்த வாரமும் அதே அலர்ட். ராத்திரி எழுப்பிய ஒவ்வொரு அலர்ட்டுக்கும் மறுநாள் ஒரு டிக்கெட் போடுங்கள், அதை அடுத்த ஸ்பிரிண்டிலேயே (சில வாரங்களுக்கான வேலைத் திட்டம்) சேர்க்கச் சொல்லிச் சண்டை பிடியுங்கள். யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாத அலர்ட் என்றால் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

லேப்டாப்பை மூடிய பிறகும் பக் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும், இது நம் தொழிலின் தனி வியாதி. முழுக்க மருந்து கிடையாது. வேலையை நிறுத்தும் முன் எதை முயன்றேன், நாளை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று நாலு வரி எழுதிவைப்பது எனக்கு ஓரளவு பலன் தருகிறது.

வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமலிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. சட்டம் இல்லாத இடத்தில் மேனேஜரின் பழக்கம்தான் சட்டம். நள்ளிரவில் அவர் மெசேஜ் அனுப்பினால், "காலையில் பார்த்தால் போதும்" என்ற வரி அதில் இருக்கிறதா என்று கவனியுங்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ரிலீஸ் முடித்தவருக்கு மட்டும் கைதட்டல் கிடைக்கிற டீமில், நேரத்துக்குக் கிளம்புகிறவர் எப்போதும் குற்றவாளிதான். வாரம் 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35% அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் 2021-ல் சொன்னதை அங்கே யாரும் காதில் வாங்கப்போவதில்லை.

அப்படிப்பட்ட டீம் என்றால் மாறப் பாருங்கள். அடுத்த இன்டர்வியூவில் எச்ஆரிடம் கேட்காதீர்கள், அவர் நல்லபடியாகத்தான் சொல்வார். உங்களோடு உட்கார்ந்து வேலை செய்யப்போகிற டெவலப்பரிடம் கேளுங்கள்: ஆன்-கால் சுழற்சியில் எத்தனை பேர்? கடைசியாக எப்போது ராத்திரி எழுப்பினார்கள்? அதற்கு அப்புறம் என்ன மாற்றினீர்கள்?