தூண்டில் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்கத் தொலைக்காட்சியின் மீன்பிடி முன்னோடி விர்ஜில் வார்டு பாணியில் மாரபூ ஜிக் (ஈயத்தலை முள்ளில் மென்மையான இறகு கட்டிய பொய்யிரை) கட்டினேன். தண்ணீரில் இறகு அசையவில்லையே, ஏன்?

பதில்: இறகு அதிகமாகியிருக்கும். மிசோரிக்காரரான வார்டு, ‘சாம்பியன்ஷிப் ஃபிஷிங்’ நிகழ்ச்சியை நடத்தியவர். ‘பாஸ் பஸ்டர்’ நிறுவனத்தில் பொய்யிரைகளும் தயாரித்தவர். சின்ன ஜிக்குகளைப் பரவலாக்கியதில் அவர் பங்கு மிகப் பெரிது.

1.8 கிராம் ஈயத்தலைக்கு ஒரே ஒரு வான்கோழி இறகின் நுனி போதும். நனைத்துக் கட்டுங்கள், பறக்காது. இறகு வால், தூண்டில் முள்ளின் தண்டைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். அதற்கு மேல் போனால் மீன் வாலை மட்டும் கவ்விவிட்டுப் போய்விடும். நீளத்தைக் குறைக்கக் கத்தரி வேண்டாம், நகத்தால் கிள்ளுங்கள். வெட்டினால் முனை மொட்டையாகி ஆட்டமே போய்விடும். முடிச்சில் வார்னிஷ் தடவும்போது இறகில் இறங்கினாலும் விறைத்துவிடும், பெரும்பாலும் கோளாறு இங்கேதான். தூண்டில் நரம்பு மெல்லியதாக, 2 கிலோ தாங்கினால் போதும். தடித்த நரம்பில் இந்த ஜிக் சரியாக இறங்காது.