இயந்திரம் எழுத, நாம் திருத்த – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நீளமான ஆவணங்களைப் படித்து, மேலே இருப்பவர்கள் முடிவெடுக்க வசதியாகச் சுருக்கி அறிக்கை எழுதித் தருவது என் பணி. கடந்த ஒன்றரை வருடமாக முதல் வரைவை ஏஐ எழுதிவிடுகிறது. நான் சரிபார்த்து, திருத்தி அனுப்புகிறேன். முன்பு வாரத்துக்கு இரண்டு அறிக்கை, இப்போது ஏழெட்டு. பாராட்டும் கிடைக்கிறது. ஆனால் மாலையில் தலை கனத்துப்போய், யாரோடும் பேசக்கூடப் பிடிப்பதில்லை. முன்பும் களைத்துப்போவேன், ஆனால் அப்போது மனசுக்குள் ஒரு நிறைவு இருக்கும். போன மாதம் ஒரு கூட்டத்தில் நான் அனுப்பிய அறிக்கையைப் பற்றியே ஒரு கேள்வி கேட்டார்கள். எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்று. நெருங்கிய தோழியின் அப்பா இறந்தபோது ஆறுதல் கடிதத்தைக்கூட அதனிடம்தான் எழுதி வாங்கினேன். அவள் நெகிழ்ந்துபோய்ப் பதில் போட்டாள். அதைப் படிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

என்னிடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு இதைத் தவிர வேறு வழியில் வேலை செய்யவே தெரியாது. காலத்தோடு ஓட முடியாமல் நான்தான் குழம்புகிறேனா, இல்லை உண்மையிலேயே எதையோ இழந்துகொண்டிருக்கிறோமா? என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் குழம்பவில்லை. இழப்பு உண்மையானது. அது எங்கே நடக்கிறது என்று பார்ப்போம்.

முன்பு நீங்கள் அறிக்கை எழுதிய விதத்தை நினைத்துப் பாருங்கள். முப்பதாம் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். ஐம்பதாம் பக்கத்து அட்டவணையில் அதே விஷயத்துக்கு வேறொரு எண். எது சரி என்று முன்னும் பின்னும் புரட்டுவீர்கள். கடைசியில், ஒன்று நிதியாண்டுக் கணக்கு, மற்றது நாட்காட்டி ஆண்டுக் கணக்கு என்று பிடிபடும். அந்த அரைமணி நேரத் தேடல் அறிக்கையில் ஒரு வரியாகக்கூட வந்திருக்காது. ஆனால் கூட்டத்தில் யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் உங்கள் பதில் அந்த அரைமணி நேரத்திலிருந்துதான் வரும். இயந்திரத்தின் வரைவில் இந்த முரணே தெரியாது. ஏதோ ஓர் எண் வழுவழுப்பான வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கும், நீங்களும் தாண்டிப் போய்விடுவீர்கள்.

நாம் செய்யும் வேலையில் ஒரு பகுதி பொருளை உண்டாக்குகிறது, இன்னொரு பகுதி நம்மை உண்டாக்குகிறது. பெரும்பாலும் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் பிரித்துப் பார்க்கும் தேவையே இருக்கவில்லை. இப்போது முதலாவதை மட்டும் தனியாக எடுத்துச் செய்துகொடுக்க ஒரு கருவி வந்திருக்கிறது. அறிக்கை கிடைத்துவிடுகிறது, அறிக்கையை அறிந்தவர் கிடைப்பதில்லை.

இதைத் தெளிவாகக் காட்டிய ஒரு சோதனை துருக்கியில் நடந்தது. ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள், பாடம் கணக்கு. ஒரு பிரிவினர் பயிற்சியின்போது ஜிபிடி-4 என்ற ஏஐயிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பயிற்சிக் கணக்குகளில் அவர்கள், கருவி இல்லாமல் செய்த மாணவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது பிரிவு. அவர்களுக்கும் அதே ஜிபிடி-4தான், ஆனால் விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தேர்வில் அந்தச் சரிவு வரவில்லை. கருவி ஒன்றுதான். தடுமாறும் நேரத்தை ஒன்று விட்டுவைத்தது, மற்றது பிடுங்கிக்கொண்டது.

பள்ளிப் பிள்ளைகள் விஷயம் வேறு, கைதேர்ந்தவர்களுக்கு என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். போலந்தில் கொலனாஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்யும் அனுபவமுள்ள மருத்துவர்களைப் பற்றி 2025-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பின்னாளில் புற்றுநோயாகக்கூடிய கட்டிகளைத் திரையில் அடையாளம் காட்டும் ஏஐ அவர்கள் பணியாற்றிய மையங்களுக்கு வந்தது. அது வந்த பிறகு, அதன் உதவி இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கட்டி கண்டறியப்பட்ட விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 சதவீதமாக இறங்கியிருந்தது. இது நடந்ததைக் கவனித்துப் பதிவு செய்த ஆய்வுதான், கட்டுப்படுத்திய சோதனை கிடையாது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் சில மாதங்களிலேயே இப்படியொரு இறக்கம் என்பது என்னை உலுக்கியது. அந்தத் திரையின் மறுபக்கம் படுத்திருப்பது ஒரு மனிதர் அல்லவா?

சரி, உங்கள் சோர்வுக்கு வருகிறேன். 1983-இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். அவர் பார்த்தது தானியக்கம் புகுந்த தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளை. எளிதான வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. மனிதருக்கு மிஞ்சுவது இரண்டு: இயந்திரத்தைக் கண்காணிப்பது, அது கைவிடும்போது ஓடிவந்து காப்பாற்றுவது. முதலாவதில் மனித மனம் மோசம், பெரும்பாலும் சரியாகவே ஓடும் ஒன்றை நெடுநேரம் விழிப்போடு பார்த்துக்கொண்டிருக்க நம்மால் முடியாது. இரண்டாவதற்குத் தேவையான திறமையோ, தினமும் செய்யாததால் கைவிட்டுப் போயிருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னது இன்று உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வாரத்துக்கு ஏழெட்டு அறிக்கைகளில் பிழை தேடுகிறீர்கள். எழுதும் மகிழ்ச்சி போய்விட்டது, பொறுப்பு மட்டும் முழுசாக உங்கள் தலையில். தலை கனக்காமல் என்ன செய்யும்?

வேகம்கூட நாம் நினைக்கும் அளவுக்கு இருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு 2025-இல் அனுபவமுள்ள 16 மென்பொருள் உருவாக்குநர்களை வைத்து அளந்து பார்த்தது. ஏஐயுடன் வேலை செய்தபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். கருவிகள் அதன்பின் மாறிவிட்டன, ஆகவே அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நம் உணர்வுக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் விழுந்த அந்த இடைவெளியைத்தான் நான் மறக்க மாட்டேன்.

ஏஐயால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் சேவையில் இருந்த ஐயாயிரத்துக்கும் அதிகமானோரிடம் நடந்த ஓர் ஆய்வில் புதியவர்கள்தான் அதிகம் பலன் பெற்றார்கள், அவர்களின் வேலைத்திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியது. மூத்தவர்கள் வாடிக்கையாளரிடம் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டதை மென்பொருள் கற்றுக்கொண்டு புதியவர் காதில் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த மூத்தவர்கள் அதைச் சம்பாதித்தது யாரும் காதில் சொல்லாத வருடங்களில். இன்று காதில் கேட்டபடியே வேலை செய்பவர் நாளை மூத்தவராகும்போது அவரிடம் மற்றவருக்குக் கொடுக்க என்ன இருக்கும்? இதற்கிடையில் நுழைவாயிலே குறுகுகிறது. அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை வைத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025-இல் சொன்னது: ஏஐ அதிகம் புகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயதுள்ளவர்களின் வேலைவாய்ப்பு குறைந்திருக்கிறது, அதே தொழில்களில் மூத்தவர்களுக்குக் குறையவில்லை. உங்களிடம் வந்திருக்கும் அந்த இரண்டு பேர் இந்த இடுக்கில் நுழைந்து வந்தவர்கள். அவர்களைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது.

அப்புறம், அந்தக் கடிதம். ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் 1966-இல் எலிசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அது பெரும்பாலும் செய்த வேலை. அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு பேச ஆரம்பித்ததும் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் அதிர்ந்துபோனார். பத்து வருடம் கழித்து எழுதிய நூலில், கணினியால் முடியும் என்றாலும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாத காரியங்கள் உண்டு என்று வாதிட்டார். ஆறுதல் சொல்வதை நான் அந்தப் பட்டியலில் முதலில் வைப்பேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் தோழியின் அப்பாவுடைய குரல், அவர் உங்களைக் கூப்பிடும் விதம், கடைசியாகப் பார்த்த நாள் எல்லாம் நினைவுக்கு வரும். உங்களுக்குக் கூச்சம் வந்தது, அந்த நேரத்தை நீங்கள் அவளுக்குக் கொடுக்கவில்லை என்பதால்தான். அவளுக்குப் போன் செய்து அவரைப் பற்றிப் பேசுங்கள். கடிதத்தை யார் எழுதியது என்று சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

வேலையில் ஒரு மாற்றம் மட்டும் செய்து பாருங்கள். ஆவணத்தைப் படித்ததும் ஏஐயைத் திறக்காமல், உங்களுக்குப் புரிந்ததை ஒரு பக்கம் எழுதிவிடுங்கள், எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அதன்பிறகு இயந்திரத்தின் வரைவை எடுத்து எங்கே வேறுபடுகிறது என்று பாருங்கள். எட்டு அறிக்கை ஐந்தாகும். அதை மேலதிகாரியிடம் நேராகப் பேசித்தான் ஆகவேண்டும். எட்டையும் ஒழுங்காகச் சரிபார்க்க ஒரு ஆளால் முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

புதியவர்கள் இருவருக்கும் மாதத்தில் சில அறிக்கைகளையாவது முழுக்கத் தாங்களே எழுதும்படி கொடுங்கள். தாமதமாகும், தப்பும் தவறுமாக வரும். நீங்களே சரிசெய்து அனுப்பிவிடாமல், எந்தப் பக்கத்தைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆரம்பத்தில் எரிச்சலடைவார்கள். ஆறு மாதம் கழித்து எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்