ஒரே திராட்சை வைன்: பெங்களூரு கேள்வி பதில்

கே: லேபிளில் ஒரே திராட்சையின் பெயர் இருந்தால் முழுக்க அதுதானா? (அல்சூர்)

ப: கட்டாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் 85 சதவீதம் இருந்தால் பெயர் போடலாம். அமெரிக்காவில் பொதுவாக 75 போதும். சில ஊர்க்காரர்கள் திராட்சையைச் சொல்லவே மாட்டார்கள்: பிரான்சின் சாப்லி என்றால் ஷார்டனே திராட்சை, இத்தாலியின் பரோலோ என்றால் நெபியோலோ. ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும், மீதியை நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கே: ஷிராஸ், சிரா, எது உசத்தி? (பிடிஎம் லேஅவுட்)

ப: ஒரே திராட்சை. பிரான்சில் சிரா, ஆஸ்திரேலியாவில் ஷிராஸ்.

கே: எல்லா ரெட்டும் எனக்கு ஒரே மாதிரி இருக்கு. வகையை எப்படிப் பிடிக்கிறது? (ஜெயநகர்)

ப: நாக்கை விடுங்க, மூக்கைப் பிடிங்க. ஒரே தயாரிப்பாளர், ஒரே வருஷம், ஓக் மரப் பீப்பாயில் வைக்காத ஒரு கேபர்னே சோவின்யோன், ஒரு ஷிராஸ் வாங்குங்க. ஓக் ஏறினால் வெனிலா, தேங்காய் வாசனை வரும். அது மரம், திராட்சை இல்லை. ஆளுக்கு 60 மில்லி ஊற்றுங்க, ஒரு பாட்டில் 12 பேருக்கு வரும். பக்கத்தில் ஒரு தட்டில் நறுக்கின பச்சைக் குடமிளகாய், இன்னொன்றில் தட்டின மிளகு. குடமிளகாயை முகர்ந்துவிட்டு கேபர்னே கிளாஸுக்குள் மூக்கை விடுங்க. பைரசின் என்ற பொருள் இரண்டிலும் உண்டு, பழம் சரியாகப் பழுக்காவிட்டால் தூக்கலாக இருக்கும். மிளகுக்குப் பிறகு ஷிராஸ்: அங்கே மிளகு வாசனை தரும் ரோட்டண்டோன். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூக்குக்கு இது எட்டாது, அதனால் வரவில்லை என்றால் பாட்டிலைத் திட்டாதீங்க.

முக்கியமான ஒன்று: ரெட்டை 'அறை வெப்பநிலையில்' குடிக்கச் சொல்வது குளிர் தேசத்து அறைக்கு. ஏப்ரல் பெங்களூரில் அறை 28 டிகிரி. ஆல்கஹால் மூக்கைக் குத்தும், வாசனை ஒன்றும் தெரியாது. ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து, 17 டிகிரி வாக்கில் ஊற்றுங்க.

கே: இரண்டு மூணு திராட்சையைக் கலந்தால் அது கலப்படம்தானே? (கோரமங்களா)

ப: கலப்பு வேறு, கலப்படம் வேறு. பிரான்சின் போர்தோவில் மெர்லோ திராட்சை முன்னாடியே பழுக்கும், கேபர்னே பின்னாடி. அறுவடை நேரத்து மழை ஒன்றைக் கெடுத்தாலும் இன்னொன்று மிஞ்சும். விவசாயியின் காப்பீடு அது.

கே: மழைக்குப் பயந்து கலக்கிறதை ருசின்னு விற்கிறாங்க! (அதே கோரமங்களா)

கே: சரியாச் சொன்னார். பினோ நுவார் திராட்சைக்குத் துணை எதற்கு? (மல்லேஸ்வரம்)

ப: பினோ நுவாருக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். மெல்லிய தோல், மெல்லிய வாசனை. வேறெதையும் சேர்த்தால் அமுங்கிவிடும். அதனால்தான் பிரான்சின் பர்கண்டி ரெட் அதை வைத்தே தனியாக நிற்கிறது. ஆனால் பிரான்சிலேயே கோத்-ரோத்தி என்ற பகுதியில் சிராவோடு வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சேர்க்க விதியே இடம் கொடுக்கிறது. சேர்ந்தே நொதிப்பதால் நிறம் நிலைக்கிறது, வாசனையும் கூடுகிறது. சாம்பாருக்கு ஒரே பருப்பு போதும். அடைக்கு நாலு பருப்பு வேணும். இதில் சுத்தம், அசுத்தம் எங்கே வந்தது?

கே: சாம்பாரிலும் பாசிப்பருப்பு கலப்பாங்க சார். (கோரமங்களா)

ப: தோற்றேன். அடுத்தது.

கே: நம்ம ஊர் பெங்களூர் ப்ளூவும் ஒரே வகைதானே? (எலகங்கா)

ப: ஆமாம், ஆனால் அது லப்ருஸ்கா என்ற அமெரிக்கத் திராட்சை இனத்தின் வம்சம். திராட்சை மிட்டாய் வாசனை மெத்தில் ஆந்த்ரானிலேட் என்ற பொருளால் வருவது. ஜூஸுக்கும் இனிப்பான போர்ட் பாணி வைனுக்கும் சரி. டிரையாக, அதாவது இனிப்பில்லாமல் எடுத்தால் அந்த வாசனை உறுத்தும்.

கே: கம்பம் பன்னீர் திராட்சையில் வீட்டில் வைன் போடலாமா? (விஜயநகர்)

ப: அது மஸ்கட் ஹாம்பர்க், வாசனைக்காரன். வீட்டில் போடலாமா என்பதைக் கலால் துறையிடம் கேளுங்கள்.

கே: முதலில் எது வாங்கலாம்? (ஒயிட்ஃபீல்ட்)

ப: இதே கேள்வி நாலாவது முறை. ஜெயநகர் பதிலைப் படியுங்க. ரெட்டைக் குளிரவைக்க மறக்காதீங்க.

கே: பிரியாணிக்கு? (சிவாஜிநகர்)

ப: லேசாக இனிக்கும் செனின் பிளாங் என்ற வெள்ளை வைன், 9 டிகிரியில். கேபர்னே வேண்டாம், மிளகாயோடு டேனின் என்ற துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும்.

கே: திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்? (ஆர்.டி. நகர்)

ப: மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூணு நாள். ரெட்டும் ஃப்ரிட்ஜில்தான். அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்ததைப் பற்றி என்னிடம் கேட்காதீங்க.