மடிக்கணினியில் தெரியும் படம் கிட்ஹப் பேஜஸில் வரவில்லை: பதில்

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி பாடவேலைக்கு நீங்கள் செய்த தேக்கா உணவங்காடிப் பக்கத்தில் நிறம், எழுத்துரு எல்லாம் சரியாக வந்து பிராட்டா படம் மட்டும் உடைகிறது என்றால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் பக்கத்தை இணையத்தில் காட்டும் கிட்ஹப் பேஜஸ் அப்படி எடுத்துக்கொள்ளாது. கேமராவிலிருந்து வரும் படத்தின் பின்னொட்டு (.JPG போன்றது) சில நேரம் பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் எச்டிஎம்எல்லில் சின்ன எழுத்தில் அடித்திருப்பீர்கள். போதாததற்கு விண்டோஸ் பின்னொட்டை மறைத்து வேறு வைக்கும், பிறகு எப்படிக் கண்ணில் படும்?

குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். சிவப்பில் 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்று வரும் வரியைச் சொடுக்கி, அதிலுள்ள முகவரியையும் கிட்ஹப்பில் இருக்கும் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். முகவரியில் உங்கள் ரெப்போ (கிட்ஹப்பில் உங்கள் கோப்புகள் இருக்கும் இடம்) பெயரே இல்லையா? அப்போது கோளாறு வேறு: எச்டிஎம்எல்லில் படத்தின் பாதையைச் சாய்கோட்டில் (/) தொடங்கியிருப்பீர்கள், அதை எடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். பெரிய எழுத்தைச் சின்னதாக்கினால் மட்டும் போதாது, கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருள் விண்டோஸில் அந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம். புதுப் பெயரே வைத்து, எல்லாம் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல், எச்டிஎம்எல்லிலும் அதே பெயரை எழுதி ஏற்றுங்கள். தளத்தில் தெரிய 10 நிமிடம் வரை ஆகலாம், இரவு 11.59 கெடு என்றால் 11.55க்கு உட்காராதீர்கள்.