ஏழு கிலோவை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்தப் பினாங்கு டிக்கெட்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 63. இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம், கூட யாரும் போகவில்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏர்ஏசியாவில் ஏஜென்ட் மூலம் டிக்கெட் போட்டாயிற்று. தங்கை பட்டர்வொர்த்தில் இருக்கிறாள், அதனால் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு மலிவாகக் கிடைத்த இன்னொரு டிக்கெட்டை நானே தனியாகப் போட்டுவிட்டேன். நடுவில் இரண்டு மணி பத்து நிமிடம் இருக்கிறது. பட்ஜெட் விமானம் என்றால் ஏழு கிலோவுக்கு மேல் விடவே மாட்டார்களாமே, சாப்பாடு கிடையாதாமே, இருவரையும் வேறு வேறு இடத்தில் உட்கார வைப்பார்களாமே? அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்? (புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்:

எடை, சாப்பாடு, சீட் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் முன்கூட்டிக் கொஞ்சம் பணம் கட்டினால் தீர்ந்துபோகிற விஷயம். போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டு மணி பத்து நிமிடம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

நீங்கள் வைத்திருப்பது இரண்டு தனி டிக்கெட். திருச்சி விமானம் தாமதமானால் பினாங்கு விமானம் உங்கள் பெற்றோருக்காகக் காத்திருக்காது, அடுத்த விமானத்தில் இலவசமாக ஏற்றிவிட வேண்டிய கடமையும் அவர்களுக்குக் கிடையாது. இரண்டும் ஒரே கம்பெனி விமானமாக இருந்தாலும் கதை இதுதான். கோலாலம்பூரில் ஏர்ஏசியா இறங்குவது டெர்மினல் 2. பெரிய கட்டடம், பிரதானக் கட்டடத்தையும் தள்ளியிருக்கிற சேட்டிலைட் கட்டடத்தையும் இணைக்க ஒரு வான்பாலமே கட்டியிருக்கிறார்கள், முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கே அந்த நடை கொஞ்சம் நீளம்தான். இறங்கி, நடந்து, இமிக்ரேஷன் வரிசையில் நின்று, பெல்ட்டில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி வெளியே வந்து, மறுபடி புறப்பாட்டுத் தளத்துக்கு ஏறிப்போய், பெட்டியைப் போட வேண்டும். அந்த கவுன்டரை விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். ஆக, கையில் இருப்பது ஒரு மணி பத்து நிமிடம்தான். இரண்டு மூன்று விமானங்கள் ஒன்றாக இறங்கிய நேரமென்றால் இமிக்ரேஷன் வரிசை மட்டுமே அதைத் தின்றுவிடும்.

எனக்குத் தெரிந்து உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. பினாங்கு டிக்கெட்டைக் கட்டணம் கட்டி நாலைந்து மணி நேர இடைவெளி வருகிற மாதிரி மாற்றலாம். அல்லது தங்கையையோ மாப்பிள்ளையையோ கோலாலம்பூருக்கே வந்து அழைத்துப்போகச் சொல்லலாம். முதல் பயணம், துணையில்லை என்பதால் என் ஓட்டு இதற்குத்தான். மூன்றாவது, பினாங்கு விமானத்தை மறந்துவிட்டு ரயிலில் போவது. பினாங்கு விமான நிலையம் இருப்பது தீவின் தென்கோடியில், பயான் லெபாஸில். தங்கை வீடு இருக்கும் பட்டர்வொர்த்தோ பாலத்துக்கு இந்தப்பக்கம், பெருநிலத்தில். விமானத்தில் போனாலும் தீவிலிருந்து பாலம் தாண்டித் திரும்பி வரத்தான் வேண்டும். கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் இருந்து கிளம்பும் இ.டி.எஸ். என்கிற மின்சார விரைவு ரயில் ஏறத்தாழ நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு நேரே பட்டர்வொர்த் நிலையத்திலேயே இறக்கிவிடும், பெட்டிக்குத் தராசும் கிடையாது. டெர்மினல் 2-லிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு விமான நிலைய ரயிலில் அரை மணி நேரம்தான், அதை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் இறங்கினால் காலையில் இட்லி, காபிக்குப் பஞ்சமில்லை. பள்ளி விடுமுறையிலும் பண்டிகை நாள்களிலும் இ.டி.எஸ். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் முன்பதிவு அவசியம்.

அடுத்த முறை திருச்சி முதல் பினாங்கு வரை ஒரே டிக்கெட்டாகத் தேடிப் பாருங்கள், ஏர்ஏசியாவில் இதற்கு ஃப்ளை-த்ரூ என்று பெயர். விலை கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பும் அந்த விலைக்குள் சேர்ந்திருக்கிறது.

அடுத்து ஏஜென்ட். டிக்கெட்டில் யாருடைய போன் நம்பர், யாருடைய இமெயில் கொடுத்திருக்கிறார் என்று இன்றைக்கே கேளுங்கள். மலிவு விமானங்களில் நேரம் மாறுவது சாதாரணம், அந்தச் செய்தி பதிவில் உள்ள நம்பருக்குத்தான் போகும். பல ஏஜென்ட்கள் தங்கள் நம்பரையே போட்டுவிடுவார்கள், அவர் பார்க்கவில்லை என்றால் உங்களுக்கும் தெரியாது. பி.என்.ஆர். என்கிற முன்பதிவு நம்பரை வாங்கி, விமான நிறுவனத்தின் ஆப்பில் நீங்களே திறந்து, உங்கள் நம்பரைச் சேர்த்துவிடுங்கள். மற்ற எல்லா வேலையும் அந்த பி.என்.ஆர். கையில் இருந்தால்தான் நடக்கும்.

அதே பக்கத்தில் பெயரையும் பாருங்கள். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் சர்நேம் கட்டமே காலியாக இருக்கும், விமானப் பதிவோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதுவது ஏர்ஏசியாவில் வழக்கம். வேறு நிறுவனம் என்றால் அதன் உதவிப் பக்கத்தைப் பார்த்துச் செய்யுங்கள். ஏஜென்ட் அவசரத்தில் இனிஷியலை மட்டும் தட்டியிருந்தாலோ ஓர் எழுத்தை விட்டிருந்தாலோ இப்போதே திருத்தச் சொல்லுங்கள். கவுன்டரில் நின்றுகொண்டு திருத்துவது பெரிய வேதனை. இன்னொருவர் பெயருக்கு மாற்றுவது அறவே நடக்காது.

தேதியையும் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். திருச்சியிலிருந்து இரவு விமானங்கள் அதிகம். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.30 என்று இருந்தால் 14-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு குடும்பத்தோடு மாலை போட்டு வழியனுப்ப வந்து நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். டிக்கெட்டில் இறங்கும் நேரம் மலேசிய நேரத்தில் இருக்கும், நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். நாலு மணி நேரப் பயணம் காகிதத்தில் ஆறரை மணி நேரமாகத் தெரிவது அதனால்தான்.

சரி, இப்போது ஏழு கிலோ. ஏர்ஏசியாவில் ஆளுக்கு இரண்டு பை கையில் கொண்டுபோகலாம்: 56 x 36 x 23 செ.மீ.க்குள் ஒன்று, சீட்டுக்கு அடியில் போகிற மாதிரி சிறியது ஒன்று. இரண்டும் சேர்ந்துதான் ஏழு கிலோ, ஒவ்வொன்றும் ஏழு என்று நினைத்துக்கொண்டு வந்து மாட்டுகிறவர்கள் நிறைய. சிங்கப்பூரின் மலிவு விமானமான ஸ்கூட்டில் இதே கணக்கு பத்து கிலோ, இண்டிகோவில் ஏழு கிலோ பையோடு மூன்று கிலோ வரை ஒரு சிறு கைப்பை. ஒரு விமானத்தில் விட்டார்கள், இதிலும் விடுவார்கள் என்று கணக்குப் போடக் கூடாது. சில நாள் எடையே போட மாட்டார்கள், சில நாள் கேட் வரைக்கும் தராசோடு வருவார்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே மூன்று கிலோ இருக்கும், பாதி அதிலேயே போய்விடுகிறது. துணிப்பையோ முதுகுப்பையோ கொடுத்து அனுப்புங்கள். கையில் தூக்கிப் பார்க்கிற சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வீட்டிலேயே எடை போட்டுவிடலாம்.

மகளைப் பார்க்கப் போகிற அம்மா ஏழு கிலோவோடு போகமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே! முறுக்கு, இட்லிப்பொடி, வடகம், புளிக்காய்ச்சல் எல்லாம் போகும். அதனால் செக்-இன் எடையை இப்போதே ஆன்லைனில் வாங்குங்கள். இருவர் பெயரிலும் வாங்க வேண்டியதில்லை, அப்பா பெயரில் ஒரே ஒரு 25 கிலோ போதும். அதே எடையை விமான நிலைய கவுன்டரில் வாங்கினால் விலை எகிறிவிடும். இந்த வகை நிறுவனங்கள் டிக்கெட்டில் விட்ட காசைப் பிடிப்பதே கடைசி நேரத்தில் கேட்பவர்களிடம்தான். ஒரே ரக விமானங்கள், ஏ320 ரக விமானம் ஒன்றில் சுமார் 180 சீட், இறங்கி அரை மணி நேரத்தில் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் பிழைப்பு. ஆளாளுக்கு இரண்டு பெரிய பையோடு ஏறினால் மேலே வைக்க இடம் இருக்காது, ஏறுவதற்கே அரை மணி ஆகிவிடும். அந்தக் கறாருக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன், சிரித்த முகத்தோடு சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஊறுகாய், நெய், புளிக்காய்ச்சல் எல்லாம் செக்-இன் பெட்டிக்குள்தான், நன்றாகக் கட்டி. கைப்பையில் இருந்தால் 100 மில்லி திரவக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். கொப்பரையைப் பெட்டியில் வைக்க வேண்டாம், எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று 2022-இல் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பவர் பேங்க் இதற்கு நேர் எதிர்: அது கைப்பையில் மட்டும்தான், 100 வாட்-ஹவருக்குள், அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச். வரை. பறக்கும்போது அதில் போனைச் சார்ஜ் செய்ய ஏர்ஏசியாவும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் முதல் விடுவதில்லை. கறிவேப்பிலைக் கன்று, விதை என்று அம்மா ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று பெட்டியை மூடும் முன் ஒருமுறை பாருங்கள், அதற்கெல்லாம் மலேசியாவில் தனி அனுமதி வேண்டும்.

சீட். பணம் கட்டாவிட்டால் கம்ப்யூட்டர் கொடுக்கிற இடம்தான், கணவன் மனைவி என்று அது பார்க்காது. பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று நம் நாட்டு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ. 2024-இல் சொல்லியிருக்கிறது, பெரியவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. முதல் பயணம் என்பதால் பக்கத்துப் பக்கத்து சீட் இரண்டை வாங்கிவிடுங்கள். இந்தச் செலவைச் சேமிக்க வேண்டாம். அம்மாவுக்கு நடைபாதை ஓரம், காலை அவ்வப்போது நீட்டலாம். ஆன்லைன் செக்-இன் பதினாலு நாள் முன்பே திறக்கும், முடித்து போர்டிங் பாஸைக் காகிதத்திலும் அச்சடித்துக் கொடுங்கள்.

வீல்சேரைத் தயங்காமல் கேளுங்கள். வரிசையைத் தாண்டுவதற்காக நன்றாக நடப்பவர்களும் கேட்டு வைப்பதால் உண்மையில் தேவைப்படுபவர்கள் காத்துக்கிடக்கிறார்கள், அது வேறு கதை. உங்கள் அம்மாவுக்குத் தேவைதான். குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிவில் சேர்த்து, கட்டணம் உண்டா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளிக்கொண்டு போகிறவரோடு அப்பாவும் ஒட்டிக்கொண்டே போகலாம், வழி தேடி அலைய வேண்டியதில்லை, அதுவே பெரிய நிம்மதி.

சாப்பாடு உண்டு, காசுக்கு. முன்பதிவு செய்தால் விலை குறைவு, சைவமும் கிடைக்கும். வெளிச் சாப்பாட்டை விமானத்துக்குள் சாப்பிட அவர்கள் விதி அனுமதிப்பதில்லை, அதனால் வீட்டு எலுமிச்சைச் சாதத்தைச் செக்-இன் முடித்து, கேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஏறட்டும். காலி பாட்டிலைக் கொடுத்துவிடுங்கள், செக்யூரிட்டி தாண்டியதும் தண்ணீர் பிடிக்கலாம். போர்வை தரமாட்டார்கள், உள்ளே குளிரும், ஒரு சால்வை. மாத்திரைகள் எல்லாம் கைப்பையில், மருந்துச் சீட்டோடு.

மலேசியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் போகும் சலுகை 2023 டிசம்பரில் தொடங்கி 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் 30 நாள்தான். இரண்டு மாதம் தங்கையோடு இருக்கட்டும் என்று திட்டமிட்டிருந்தால் விசா வேறு வாங்க வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் எம்.டி.ஏ.சி. என்கிற டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், இலவசம். அதற்குப் பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்கை வீட்டு முகவரி, போன் நம்பர் மூன்றையும் ஒரே தாளில் அச்சடித்து அப்பா சட்டைப்பையில் வையுங்கள். இமிக்ரேஷனில் கேட்டால் தாளை நீட்டினால் போதும், பேசவே வேண்டியதில்லை.

தாமதம் ஆனால்? மலிவு டிக்கெட் என்பதால் உரிமையும் மலிவு என்று நினைக்காதீர்கள். மலேசிய விதிப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு கொடுக்க வேண்டும், ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் பயணத்தை விட்டுவிட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம், 2024 செப்டம்பரிலிருந்து இது உண்டு. கிரெடிட் தருகிறோம், வவுச்சர் தருகிறோம் என்றால் வேண்டாம், கட்டின வழியிலேயே பணம் வேண்டும் என்று சொல்லுங்கள். நம் நாட்டு நிறுவன விமானங்களுக்கு டி.ஜி.சி.ஏ. விதி: ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், அந்த விமானம் இரவு எட்டு மணியிலிருந்து விடிகாலை மூன்று மணிக்குள் கிளம்ப வேண்டியது என்றால் தங்க ஹோட்டலும். புயல், மழை மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணமென்றால் நஷ்டஈடு கிடைக்காது. நீங்களாகவே ரத்து செய்தாலும், ரீஃபண்ட் இல்லை என்று அச்சடித்த சலுகை டிக்கெட்டாகவே இருந்தாலும், இந்திய நிறுவனங்கள் அதிலுள்ள வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பெட்டி உடைந்து வந்தாலோ வரவே இல்லை என்றாலோ பெல்ட் பக்கத்திலேயே இருக்கும் கவுன்டரில் புகார் எழுதி, நகலை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். சேதத்துக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியால் ஒப்பந்தம், இந்தியாவும் மலேசியாவும் அதில் இருக்கின்றன. பெட்டியைக் கட்டி முடித்ததும் திறந்தபடி ஒன்று, மூடி ஒன்று என்று போனில் இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புகார் எழுதும்போது கேட்பார்கள்.