தைக் குளிரில் ஹோர்ட்டன் சமவெளி பங்களா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் கணவரும் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவர்கள். வயது 64, 67. தைப்பொங்கல் முடிந்ததும் ஹோர்ட்டன் சமவெளிக்குள் இருக்கும் பங்களாவில் இரண்டு இரவு தங்க ஆசை. அவருக்குப் பிரஷர், எனக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறேன். ஹட்டன் குளிரில் வாழ்ந்தவர்களுக்குத் தனி ஆயத்தம் வேண்டுமா? (வாசகி, ஹட்டன்)

பதில்: வேண்டும் அம்மா. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். சமவெளி 2,100 மீற்றருக்கு மேல். அந்த வித்தியாசமே ஐந்தாறு பாகை குளிரைக் கூட்டிவிடும். தை, மாசியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலத்தின் சூடு முழுவதும் வானத்துக்குப் போய், குளிர்ந்த காற்று பள்ளங்களில் தேங்கும். விடியும்போது புல் வெள்ளையாக உறைந்திருக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம். ஒன்பது மணி வெயிலில் சுவெட்டரைக் கழற்றுவீர்கள், மாலை ஆறு மணிக்குக் கொண்டுவந்தது எல்லாவற்றையும் போட்டுக்கொள்வீர்கள். ஆகவே தடித்த ஒரே கோட்டைவிட, உள்ளே பருத்தி, நடுவில் கம்பளி, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று மூன்றாகக் கொண்டுபோங்கள். படுப்பதற்கென்று ஒரு சோடி கம்பளிக் காலுறை தனியாக இருக்கட்டும். நடந்த காலுறையில் வியர்வை ஈரம் இருக்கும், அதோடு படுத்தால் கால் சூடேறாது. போர்வையில் ஒன்றை மெத்தைக்கு மேல் விரியுங்கள். குளிர் கீழிருந்தும் வரும்.

கணப்பு மூட்டினால் முதல் பத்து நிமிடம் புகை அறைக்குள் திரும்புவது வழக்கம். புகைபோக்கிக்குள் நிற்கும் குளிர்ந்த, பாரமான காற்றுத்தான் காரணம். விறகை அடுக்குமுன் ஒரு பத்திரிகைத் தாளைச் சுருட்டிப் பற்றவைத்து, புகைபோக்கியின் வாயருகே பிடித்தால் அந்தக் காற்று மேலே எழும்பி வழிவிடும். ஈர விறகு எதற்கும் உதவாது. பூங்காவுக்குள் சுள்ளி பொறுக்கவும் கூடாது, பங்களாப் பொறுப்பாளர் தருவதையே பாவியுங்கள். ஒன்றை மட்டும் எந்தக் குளிரிலும் செய்ய வேண்டாம்: கரிச்சட்டியைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது. கரி விடும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கணப்பு எரியும்போதும் யன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள்.

சுடுநீர்ப் பையில் கொதிநீர் ஊற்றாமல், சற்று ஆறிய நீரை மூன்றில் இரண்டு பங்கு ஊற்றிக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடுங்கள். படுக்கையைச் சூடாக்கியதும் அதை வெளியே எடுத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். சீனி வருத்தத்தில் பாதம் மரத்திருந்தால் சுட்டது தெரியாது, காலையில் கொப்புளத்தைத்தான் பார்ப்பீர்கள்.

இன்சுலினை இரவில் வாகனத்தில் விடாதீர்கள். உறைந்துபோனால் உருகினாலும் வேலை செய்யாது, எறியத்தான் வேண்டும். யன்னலோரமும் கணப்படியும் வேண்டாம். உடுப்புப் பைக்கு நடுவே சுற்றி அறைக்குள் வையுங்கள். சீனி பார்க்கும் மெஷின் பெரும்பாலும் 10 பாகைக்குக் கீழே பிழை காட்டும். சட்டைக்குள் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டுப் பாருங்கள், கையையும் தேய்த்துச் சூடாக்கினால்தான் இரத்தம் வரும். குளிரில் பிரஷர் ஏறக்கூடியது. ஐயா ஒரு வேளைக் குளிசையையும் தவறவிடக் கூடாது. சலம் கூடப் போகவைக்கும் தண்ணீர்க் குளிசை குடிப்பவரானால், நடைப்பாதையில் மலசலகூடத்துக்கு வழியில்லை என்பதைச் சொல்லி, எத்தனை மணிக்குக் குடிப்பது என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: பங்களாவில் சமைக்க ஆள் உண்டு, சாமான்தான் நாங்கள் கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். இரண்டு பேர், இரண்டு இரவு. எவ்வளவு? (வாசகர், பண்டாரவளை)

பதில்: பொறுப்பாளரின் சாப்பாட்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், அதுதான் முறை. அரிசி ஒன்றரைக் கிலோ, கோதுமை மா 1 கிலோ, மைசூர்ப் பருப்பு அரைக் கிலோ, தேங்காய் 4, முட்டை 12, நெத்தலிக் கருவாடு 200 கிராம், கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, தேயிலை, சீனி, பால்மா. நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, சவர்க்காரம், டோர்ச் ஆகியவற்றை மறந்தால் வாங்கப் பக்கத்தில் கடை இல்லை.

அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். பானை தளதளவென்று கொதிக்கும், சோறு மட்டும் நடுவில் அரிசியாக நிற்கும். சிவப்பரிசியை அரை மணித்தியாலம் சுடுநீரில் ஊறவைத்து, வழமையைவிட அரைக் கோப்பைத் தண்ணீர் கூட விடுங்கள். சின்னப் பிரஷர் குக்கர் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது உத்தமம். கடலை வேண்டாம், பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறினாலும் சரியாக ஊறாது. தோசை மாவும் புளிக்காது, ரொட்டியும் சம்பலும்தான் கைகொடுக்கும். தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாகிவிடும் என்பதால் வாயகன்ற டப்பாவில் எடுத்து, கரண்டியால் வெட்டியெடுங்கள். கறியை அடுப்பிலிருந்து நேரே தட்டுக்குப் போட்டுச் சாப்பிடுங்கள், ஆறினால் தேங்காய்ப்பால் கொழுப்பு உறைந்து நாக்கில் ஒட்டும்.

பொலித்தீனை வாயிலிலேயே கழற்றி வாங்கிவிடுவார்கள். வீட்டிலேயே கடதாசிப் பைக்கும் டப்பாவுக்கும் மாற்றிக்கொண்டால் அந்த அரை மணித்தியாலம் மிச்சம்.

கேள்வி: மனைவிக்கு முழங்கால் தேய்மானம். உலக முடிவு (World's End) என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க முழுச் சுற்றும் நடக்க வேண்டுமா? (வாசகர், வெலிமடை)

பதில்: வேண்டியதில்லை. பழைய ஃபார் இன் கட்டடத்தடியில் தொடங்கும் சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்கு மேல். முழங்காலைப் பதம் பார்ப்பது அந்தத் தூரத்தைவிட பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் ஈரப் படிகள்தான். அதை விட்டுவிடுங்கள். சின்ன உலக முடிவு வரை போய், முடிந்தால் பெரிய உலக முடிவையும் எட்டிப் பார்த்துவிட்டு, வந்த பாதையாலேயே திரும்புங்கள். கைத்தடி கட்டாயம். சப்பாத்தின் அடி தேய்ந்திருக்கக் கூடாது, பாதையில் உருளும் குருணிக் கல் அதிகம்.

நேரம்தான் முக்கியம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக் காற்று பாறைச் சுவரோடு மேலெழும்பி, பத்து மணிக்கெல்லாம் முழுவதையும் மூடிவிடும். நுவரெலியாவிலிருந்து வருகிறவர்கள் இருட்டில் எழும்பி 32 கிலோமீற்றர் ஓடிவருவது இதற்காகத்தான். உள்ளே தங்கியிருப்பவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. ஆறரைக்குப் புறப்பட்டு மெதுவாக நடக்கலாம். ஒரே இரவு தங்கினால் இருக்கும் ஒரு காலையும் மழையிலோ மேகத்திலோ போய்விடக்கூடும். எங்களைக் கேட்டால் இரண்டு இரவுக்குக் குறையாமல் பதியுங்கள்.

கேள்வி: பதிவது எங்கே? ரயிலில் போகலாமா? (வாசகர், பதுளை)

பதில்: வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில். ஆளுக்கொரு அறையாக அல்ல, முழு வீடாகத்தான் தருவார்கள். இன்னொரு தம்பதியைச் சேர்த்தால் செலவு பாதியாகும். மின்சாரம், சுடுநீர், போர்வை மூன்றையும் பதியும்போதே கேளுங்கள். ரயிலில் வந்தால் ஒஹியவில் இறங்கி, அங்கிருந்து 11 கிலோமீற்றர் ஏற்றம். ரயில் ஓடுகிறதா என்று முதல்நாளே விசாரித்து, வேனையும் அப்போதே பேசிவையுங்கள்.

கேள்வி: மரைகள் வாகனத்தடிக்கே வருமாமே, பிஸ்கட் கொடுக்கலாமா? (வாசகி, தலவாக்கலை)

பதில்: கொடுக்கக் கூடாது, சட்டப்படியும் தடை. பிஸ்கட் வாசனைக்குப் பழகியது உறையையும் சேர்த்து விழுங்கும், அது வயிற்றில் அடைத்துக்கொள்ளும். மரை நிற்கும் இடத்துக்குச் சிறுத்தையும் வரும், ஆகையால் இருட்டியபின் முற்றத்தைத் தாண்டாதீர்கள்.