முதல் காட்சியிலேயே பகடையை உருட்ட வையுங்கள்

மேசை ஆட்டம்: வாசகர் கேள்வி – பதில்

ஒவ்வொருவரும் ஒரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஆட்டத்தில் ஒரு புதிய கேம்பெயினை (பல நாள் தொடரும் கதையை) எப்படித் தொடங்குவது என்று கேட்டு வந்த கேள்விகளை இந்த முறை தொகுத்திருக்கிறோம். எண்கள் வரும் இடங்களிலெல்லாம் 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: முதல்முறையாக டிஎம் (டன்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்) ஆகப் போகிறேன். ராஜ வம்சங்கள், மூன்று கடவுள்கள், ஒரு பெரும்போர் என்று என் உலகத்தின் வரலாற்றைப் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதை வாசித்துக் காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கலாமா? ஆடப்போகும் நான்கு பேருக்கும் இது புதிது.

வாசிக்க வேண்டாம். எழுதியது வீணில்லை, ஆனால் அது உங்களுக்கான குறிப்பு. தன் கேரக்டர் எங்கே நிற்கிறது, எதிரே என்ன இருக்கிறது, தன்னால் என்ன செய்ய முடியும் என்ற மூன்றும் பிடிபடும் வரை ஆடுபவர் மனதில் எந்த வம்சத்தின் பெயரும் ஒட்டாது. உட்கார்ந்த ஐந்து நிமிடத்துக்குள் முடிவெடுத்தே ஆகவேண்டிய ஒரு நெருக்கடி வரட்டும். கால் மணி நேரத்துக்குள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது பகடையை உருட்டியிருக்கட்டும். தொடக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இந்த இரண்டு அளவே போதும்.

ஒரு மாதிரி தருகிறோம். ஆற்றின் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்துச் செல்லும் தெப்பம். நீங்கள் வாசிக்க வேண்டியது இவ்வளவுதான்:

"ஆற்றின் நடுவில் இருக்கிறீர்கள். கிழவர் ஒருவர் கயிற்றைப் பிடித்துத் தெப்பத்தை இழுத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் காலடியில் நீளமான ஒரு மரப்பெட்டி. அதை அக்கரை சேர்த்தால் ஆளுக்குப் பத்துப் பொற்காசு. இப்போது பெட்டிக்குள்ளிருந்து யாரோ மூன்று முறை தட்டுகிறார்கள். நிமிர்ந்து பார்த்தால், அக்கரையில் இரண்டு காப்ளின்கள் கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கின்றன."

(காப்ளின் என்பது குட்டையான ஒரு கற்பனை எதிரி.) அரை நிமிடம்கூட ஆகாது. அதற்குள் இடம், வேலை, கூலி, இரண்டு ஆபத்துகள் எல்லாம் வந்துவிட்டன. அடுத்து "எல்லோரும் என்ன செய்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். புதியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரை நேராகப் பார்த்து, அவருடைய கேரக்டரின் பெயரைச் சொல்லி, "பெட்டி உன் காலில் இடித்துக்கொண்டிருக்கிறது. என்ன செய்கிறாய்?" என்று கேளுங்கள். அவர் சொன்னதும் அடுத்தவரிடம் போங்கள்.

எண்களை முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கரை அறுபது அடி தூரத்தில் இருக்கிறது. வில்லும் ஃபயர் போல்ட் மந்திரமும் எட்டும், வாள் எட்டாது. வாள் வைத்திருப்பவர் சும்மா நின்றுவிடக் கூடாது அல்லவா? அவர் கயிற்றை இழுக்கலாம். அத்லெட்டிக்ஸ் (உடல் வலிமைத் திறன்) உருட்டலில், அதாவது 20 முகப் பகடையோடு திறனின் எண்ணைக் கூட்டி, 12-ஓ அதற்கு மேலோ வந்தால் தெப்பம் இருபது அடி நகரும். மூன்று முறை வென்றால் கரை. கயிறு மூன்றாம் சுற்றின் முடிவில் அறுந்துவிடும். ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. ஆக மொத்தம் பதினெட்டு விநாடிதான் இருக்கிறது. மேசையில் மூன்று தீக்குச்சிகளை வைத்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒன்றை எடுத்து ஒடியுங்கள். வாயால் எத்தனை முறை "சீக்கிரம்" என்று சொன்னாலும் வராத பரபரப்பு அந்தக் குச்சி ஒடியும் சத்தத்தில் வந்துவிடும்.

கயிறு அறுந்தால் ஆட்டம் முடிந்துவிடக் கூடாது. தெப்பம் நீரோடு போய் ஒரு பாழடைந்த கோபுரத்தின் அடியில் முட்டி நிற்கட்டும். வென்றால் ஒரு வழி, தோற்றால் இன்னொரு வழி. இரண்டுக்கும் தலா நான்கு வரியாவது எழுதி வையுங்கள்.

பன்னிரண்டு பக்கத்துக்கும் இங்கேயே இடம் இருக்கிறது. பெட்டியின் மூடியில் வீழ்ந்துபோன வம்சத்தின் முத்திரை. அதைப் பார்த்ததும் கிழவர் ஒரு கடவுளின் பெயரை முணுமுணுக்கிறார். "அது யார் முத்திரை?" என்று ஒருவர் கேட்பார். அப்போது இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டது மறக்காது.

தவிர்க்க வேண்டிய இரண்டு: ஆயுதங்களைப் பறித்துச் சிறையில் அடைத்துத் தொடங்குவதும், ஜெயிக்கவே முடியாத சண்டையோடு தொடங்குவதும். புதியவர் தன் கேரக்டர் தாளில் எழுதிய வாளையும் மந்திரத்தையும் ஒருமுறையாவது பயன்படுத்திப் பார்க்க ஆசையோடு வந்திருப்பார். அதை முதல் நாளே பிடுங்கக் கூடாது.

கேள்வி: சத்திரத்தில் எல்லோரும் சந்திப்பதாகத் தொடங்குவது பழசாகிவிட்டதா?

சத்திரத்தில் குறை ஒன்றுமில்லை. ஒருவரையொருவர் அறியாத நான்கு பேர், எந்த வேலையும் இல்லாமல், யாராவது வந்து பேசுவார்கள் என்று காத்திருப்பதுதான் குறை. நால்வரையும் ஏற்கெனவே அறிமுகமானவர்களாக ஆக்கிவிட்டு, கூரை தீப்பற்றிய நொடியில் தொடங்கினால் அதே சத்திரம் அருமையான தொடக்கம்தான்.

கேள்வி: செஷன் ஜீரோ (ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கூடிப் பேசும் சந்திப்பு) அவசியமா? அதில் என்னதான் பேசுவது? போன முறை கேரக்டர் உருவாக்குவதிலேயே மூன்று மணி நேரம் போய்விட்டது.

அவசியம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கேரக்டர் எண்களை நிரப்பும் வேலையைத் தனித்தனியாக முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள். புதியவர்களுக்குத் தயாராக நிரப்பிய தாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கொடுங்கள். நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் மந்திரப் பட்டியலும் கடைச் சாமான்களும்தான். வகுப்போடு (விஸார்ட் போன்ற கேரக்டர் வகையோடு) வரும் தொடக்கப் பொருள்களையே எடுத்துக்கொள்ளச் சொன்னால் பாதி நேரம் மிஞ்சும்.

சேர்ந்து பேச வேண்டியவை வேறு. கதை எப்படிப்பட்டது, இருண்டதா, சாகசமா, சிரிப்பா? எந்த விஷயம் மேசைக்கே வரக் கூடாது, எது வந்தாலும் விவரிக்காமல் தாண்டிப் போகவேண்டும்? இதை வெட்கப்படாமல் கேளுங்கள். குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, சித்திரவதை, பூச்சிகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். எக்ஸ் என்று எழுதிய ஒரு அட்டையை மேசை நடுவில் வைப்பதும் நல்ல வழக்கம். யார் அதைத் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டு நகர்ந்துவிட வேண்டும். ஒருவர் வரமுடியாமல் போனால் ஆடுவதா, தள்ளிப்போடுவதா என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

பிறகு உறவுகள். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் இடப்பக்கம் இருப்பவரின் கேரக்டரைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: "இவள் உன்னை எந்த ஆபத்திலிருந்து காப்பாற்றினாள்?", "இவனிடம் நீ மறைத்து வைத்திருக்கும் விஷயம் என்ன?", "இருவரும் சேர்ந்து யாரை ஏமாற்றினீர்கள்?" இருபது நிமிடத்தில் நான்கு முடிச்சுகள் கிடைத்துவிடும். "நாங்கள் நண்பர்கள்" என்ற பதிலை மட்டும் ஏற்காதீர்கள். எப்போது, எங்கே, என்ன நடந்தது என்று ஒரு சம்பவம் வரும்வரை கேளுங்கள்.

கேள்வி: முதல் சண்டையிலேயே இரண்டு கேரக்டர்கள் விழுந்துவிட்டன. ஆறு காப்ளின்களைத்தான் விட்டேன். மிகச் சாதாரண எதிரிகள்தானே, எங்கே தவறு?

எண்ணிக்கையில். ஒரு காப்ளினுக்கு 50 எக்ஸ்பி (எதிரியை வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி), ஆறுக்கு 300. ஆனால் மூன்று முதல் ஆறு எதிரிகள் ஒன்றாக வந்தால் சண்டையின் கடுமையைக் கணக்கிட அதை இரண்டால் பெருக்க வேண்டும். ஆகவே 600. முதல் லெவலில் (கேரக்டரின் தொடக்க நிலையில்) நான்கு பேருக்கு 200 என்பது நடுத்தரம், 300 கடினம், 400 உயிருக்கே ஆபத்து. நீங்கள் கடைசி எல்லையையும் தாண்டி ஒன்றரை மடங்கு போயிருக்கிறீர்கள்.

விஸார்ட் (மந்திரவாதி) பக்கமிருந்து பாருங்கள். கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14 என்றால் ஹிட் பாயின்ட் (விழும் வரை தாங்கும் அடியின் அளவு) 8. கவசமில்லாமல் ஆர்மர் கிளாஸ் (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 12 என்று வைத்துக்கொள்வோம். காப்ளினுக்குத் தாக்குதலில் +4 உண்டு, 20 முகப் பகடையில் 8 விழுந்தாலே அடி பட்டுவிடும். அதாவது நூற்றுக்கு 65 முறை. ஓர் அடிக்கு ஆறுமுகப் பகடை ஒன்றோடு 2 கூட்ட வேண்டும். மூன்றுக்குக் குறையாது, எட்டு வரை போகும். பெரும்பாலும் இரண்டாவது அடியில் விஸார்ட் தரையில். ஆறு பேர் சுற்றி நின்றால் இரண்டு அடிக்கு ஒரு சுற்று தாராளம்.

தெப்பக் காட்சியில் காப்ளின்கள் இரண்டு மட்டுமே இருப்பது இதனால்தான். இரண்டு என்றால் பெருக்கல் ஒன்றரை. 100 எக்ஸ்பி 150 ஆகும். அதிலும் ஒன்று கயிறு அறுப்பதில் மும்முரமாக இருக்கிறது. ஆட்டம் சுலபமாகப் போனால் மூன்றாவது காப்ளின் புதருக்குள்ளிருந்து வரட்டும். சிரமப்பட்டால் வர வேண்டாம். வந்த பிறகு எதிரியைக் காணாமல் ஆக்குவது கடினம், வராதவனை நிறுத்திவைப்பது சுலபம்.

பக்பேர் என்ற வலிமையான எதிரியை முதல் லெவலில் இறக்காமலிருப்பதே நல்லது. அதன் ஓர் அடி எட்டுமுகப் பகடை இரண்டு, கூட 2. உச்சமாக 18. எட்டு ஹிட் பாயின்ட் உள்ளவருக்கு 16 அடிபட்டாலே, பூஜ்யத்துக்கு வந்தபின் மிச்சம் எட்டு நிற்கும். அந்த மிச்சம் முழு ஹிட் பாயின்டையே எட்டிவிடுவதால் விதிப்படி அது உடனடி மரணம், உயிர்பிழைக்கும் உருட்டலுக்குக்கூட இடமில்லை. எதிர்பாராத நேரத்தில் பாய்ந்தால் இன்னும் இரண்டு ஆறுமுகப் பகடை கூடும். நல்ல ஆட்டக்காரர்கூட இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று, எதிரிகளுக்கும் உயிர் மேல் ஆசை இருக்கும். பாதிப் பேர் விழுந்தால் மீதிப் பேர் ஓடட்டும். ஓடிய காப்ளின் யாரிடம் போய்ச் சொல்லும் என்பதே அடுத்த வாரக் கதை.

கேள்வி: ரகசியக் கதவைக் கண்டுபிடித்தால்தான் கதை நகரும். உருட்டலில் எல்லோரும் தோற்றுவிட்டார்கள். அங்கேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டோம். என்ன செய்திருக்க வேண்டும்?

கதை நகரத் தேவையானதைப் பகடையிடம் ஒப்படைத்திருக்கக் கூடாது. இலக்கு எண் 15, உங்கள் கூட்டல் +3 என்றால் பகடையில் 12-ஓ அதற்கு மேலோ விழ வேண்டும், வாய்ப்பு நூற்றுக்கு 45. தோற்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கதவு கண்ணில் படட்டும். உருட்டல், அதை எப்படித் திறக்கிறார்கள் என்பதற்காக இருக்கட்டும். வென்றால் சத்தமில்லாமல் திறக்கும். தோற்றாலும் திறக்கும், ஆனால் கீல் அலறி உள்ளே இருப்பவர்கள் விழித்துக்கொள்வார்கள். பெட்டியை அனுப்பியவர் யார் என்பது போன்ற முக்கியமான உண்மைக்கு மூன்று தடயமாவது வையுங்கள்: முத்திரை, கிழவரின் பேச்சு, காப்ளினின் பையில் இருக்கும் கடிதம். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும்.

கேள்வி: ஒருவர் மட்டும் "என் கேரக்டர் தனிமை விரும்பி, இதில் தலையிட மாட்டான்" என்று ஒதுங்கியே நிற்கிறார்.

கதைக்குள்ளே அவரைத் துரத்திப் பிடிக்க முயலாதீர்கள். ஆட்டத்தை நிறுத்தி, நேரடியாகப் பேசுங்கள்: "அவன் தலையிடக் காரணமாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள், அதை நான் கதையில் வைக்கிறேன்." தொலைந்துபோன தங்கை என்பாரானால், பெட்டிக்குள்ளிருந்து கேட்கும் தட்டல் அவர்கள் சிறுவயதில் விளையாடிய விளையாட்டின் தாளமாக மாறட்டும். எதுவுமே தோன்றவில்லை என்றால் அந்த கேரக்டர் இந்தக் கதைக்கு உரியவன் அல்ல. வேறொருவனை உருவாக்க அவருக்கு உதவுங்கள். இது ஆடுபவர் மீதான குற்றச்சாட்டு அல்ல என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: முதல் செஷனை எந்த இடத்தில் முடிப்பது?

மூன்று மணி நேர ஆட்டமென்றால் முடிவுக்கு இருபது நிமிடம் இருக்கும்போதே புதிய சண்டை எதையும் தொடங்காதீர்கள். முதல் லெவல் சண்டைகூடப் புதியவர்களுக்கு நாற்பது நிமிடம் இழுத்துவிடும். சண்டையின் நடுவே நிறுத்தினால் யாருக்கு எத்தனை ஹிட் பாயின்ட், யார் எங்கே நின்றார் என்று அடுத்த வாரம் ஒருவருக்கும் நினைவிருக்காது. ஒருவர் வராமல் போனாலோ அவருடைய கேரக்டர் வாளோடு அந்தரத்தில் நிற்கும்.

பெட்டியைத் திறந்தாயிற்று, உள்ளே ஒரு பெண் மயங்கிக் கிடக்கிறாள், கையில் அதே முத்திரை பச்சை குத்தியிருக்கிறது. இங்கே நிறுத்துங்கள். எழுந்து போகும் முன் ஒரே ஒரு கேள்வி: "இவளைக் கூலி கொடுத்தவரிடமே ஒப்படைக்கப் போகிறீர்களா, கோபுரத்துக்குக் கொண்டுபோகிறீர்களா, இல்லை வேறெங்கேயாவதா?" அங்கேயே பேசி முடிவு செய்யட்டும். அடுத்த வாரத்துக்கு அந்த ஒரு வழியை மட்டும் தயார் செய்தால் போதும். கூடவே, இன்று ஆடியவர்கள் யார் யாரைப் பற்றி விசாரித்தார்களோ அந்தப் பெயர்களை அன்றிரவே குறித்து வையுங்கள். தெப்பக் கிழவரின் பெயரை யாராவது கேட்டிருந்தால் அவர் மறுபடியும் வந்தாக வேண்டும்.